ஒன்றை மூன்றாக வையுங்கள்!

2017-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி, சனிக்கிழமை. பினாங்குக்காரர்கள் அந்த நாளை எளிதில் மறக்க மாட்டார்கள். அன்று பிடித்த மழையும் காற்றும் விடிய விடிய ஓயவில்லை. தீவிலும் சரி, அக்கரையில் செபராங் பிறையிலும் சரி, வெள்ளத்தையே அறியாத வீடுகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது.

செபராங் பிறையில் இருக்கும் என் அக்காள் வீட்டில், பொழுது விடியும்போது முழங்கால் மட்டும் தண்ணீர். அக்காள் முதலில் தூக்கியது கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியைத்தான். அப்பா பால் வெட்டிய காலத்திலிருந்து லயம் லயமாக மாறி வந்த பெட்டி அது. பிறப்புப் பத்திரங்கள், பள்ளிச் சான்றிதழ்கள், ஊழியர் சேமநிதித் தாள்கள், அம்மாவின் தோட்டு ரசீது வரை எல்லாம் அதற்குள்தான். பெட்டிக்குள்ளும் நீர் இறங்கியிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு தாளாகப் பிரித்து, விசிறிக்குக் கீழே பரப்பிக் காயவைத்து, பெரும்பாலானவற்றைக் காப்பாற்றி விட்டார்.

எல்லாரும் மறந்து போனது மேசைக்கு அடியில் தரையோடு தரையாக இருந்த கணினிப் பெட்டியை. பத்து ஆண்டுப் படங்கள் அதில்தான் இருந்தன. மூத்தவளின் பட்டமளிப்பு, சின்னவனின் காதுகுத்து, தோட்டத்துக் கோயில் திருவிழா என்று எல்லாம். இவற்றையெல்லாம் விடப் பெரியது ஒன்றும் இருந்தது. அம்மா காலமாவதற்கு முந்தின தீபாவளியன்று, பேரப்பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு லயத்துக் கதைகளைச் சொன்னார். அத்தான் அதைக் கைப்பேசியில் பதிவு செய்து கணினியில் ஏற்றி வைத்திருந்தார். ஏறத்தாழ நாற்பது நிமிடம், அம்மாவின் குரல்.

கணினியைக் கடையில் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்துக் கடைக்காரர் கையை விரித்து விட்டார். “வேறு எங்காவது ஒரு காப்பி வைத்திருக்கிறீர்களா?” என்று அவர் கேட்டார். அத்தான் பதில் சொல்லவில்லை.

தாள் நனைந்தால் காயவைக்கலாம். கணினி நனைந்தால்? அன்று தொடங்கி நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். கணினி படித்தவர்களுக்காக அல்ல. கையில் ஒரு கைப்பேசியும் வீட்டில் ஒரு தகரப் பெட்டியும் வைத்திருக்கிற நம்மைப் போன்றவர்களுக்காக.

தாளின் அருமை நமக்குத் தெரியும்

“படம்தானே, போனால் போகட்டும்” என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் தோட்டத்துக் குடும்பங்களுக்கு ஒரு தாளின் விலை என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலுக்கு வந்த காலத்தை நம் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாது என்ற நிலை வந்தது. ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் இந்நாட்டை விட்டுப் போனதாகச் சொல்லப்படுகிறது. அவர்களில் பலர் இங்கேயே வாழ்ந்து தேய்ந்தவர்கள். கையில் இருந்த கார்டின் நிறம் ஒரு குடும்பத்தையே கப்பலேற்றியது.

இன்றைக்கும் பிறப்புப் பத்திரம் இல்லாமல் அலைகிற குடும்பங்களை நாம் பார்க்கிறோம். பள்ளியில் சேர்க்க, அடையாளக் கார்டு எடுக்க, சேமநிதிப் பணம் பெற, சொக்சோ உதவி கேட்க என்று எதற்குப் போனாலும் முதலில் கேட்பது தாளைத்தான். தாளின் படம் மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது என்பது உண்மை. ஆனால் மூலம் தொலைந்து, தேசியப் பதிவிலாகாவில் மறுபிரதி கேட்டு நிற்கும்போது, பதிவு எண்ணும் தேதியும் தெளிவாகத் தெரிகிற ஒரு படம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது போல. ஆகவே நாம் காக்க வேண்டியவை இரண்டு வகை. ஒன்று, உரிமையைக் காட்டும் பத்திரங்கள். மற்றொன்று, திரும்ப எடுக்கவே முடியாத முகங்களும் குரல்களும்.

ஏடு காத்த வழி

ஒன்றைப் பல பிரதிகளாக வைப்பது புதிய யோசனை அல்ல. நம் முன்னோர் செய்ததுதான். ஓலைச்சுவடி நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் செல்லுக்கும் சில நூற்றாண்டுகளே தாங்கும். ஆகவே தலைமுறைக்குத் தலைமுறை புதிய ஓலையில் எழுதி வைத்தார்கள். படி எடுக்கப்பட்ட நூல் பிழைத்தது. எடுக்கப்படாத நூல் அழிந்தது. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து சுவடிகளைத் தேடினார். ஒரு வீட்டுச் சுவடியில் ஓலை முறிந்திருந்தால், வேறொரு வீட்டுச் சுவடியைக் கொண்டு அந்த இடத்தை நிரப்பினார். 1887-இல் அவர் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவர முடிந்ததற்குக் காரணம், அந்தக் காவியம் ஒரே வீட்டில் பூட்டி வைக்கப்படாமல் பல இடங்களில் படி எடுக்கப்பட்டிருந்ததுதான்.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1981-ஆம் ஆண்டு மே 31-ஆம் தேதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறு எங்காவது பிரதி இருந்த நூலைப் பின்னர் வாங்க முடிந்தது. உலகத்திலேயே ஒரே பிரதியாக அங்கே இருந்தவை போனது போனதுதான். அந்த வடு பலரைச் செயலில் இறக்கியது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் கணினியில் ஏற்றி யாரும் படிக்கும்படி வைக்கும் ‘நூலகம்’ திட்டம் 2005-இல் தொடங்கியது. அதற்கு முன்பே, 1998 பொங்கலன்று, தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றும் ‘மதுரைத் திட்டம்’ வெளிநாடுகளில் வாழும் தமிழர்களின் உழைப்பால் பிறந்தது.

நம் ஊரில் செய்த பெட்டி

கணினியில் படங்களையும் தாள்களையும் தாங்கி நிற்பது ஹார்ட் டிஸ்க். தமிழில் வன்தட்டு என்று சொல்கிறார்கள். இந்தப் பெட்டிக்கும் பினாங்குக்கும் நெருங்கிய உறவு உண்டு. பாயான் லெப்பாசில் 1972-இல் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது முதல், மின்னியல் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. தோட்டத்துப் பெண் பிள்ளைகள் பலர் விடியற்காலையில் தொழிற்சாலைப் பஸ் ஏறிப் போன காலம் அது. 1980-களின் பிற்பகுதியில் சீகேட் நிறுவனம் பினாங்கில் ஹார்ட் டிஸ்க் தொழிலைத் தொடங்கியது. அதன் உள்ளே சுழலும் தட்டுகளை இங்கே செய்துவந்த கோமாக் நிறுவனத்தை 2007-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது. உலகத்தின் எந்த மூலையிலோ ஒரு வீட்டில் ஒரு குழந்தையின் படத்தைக் காத்து நிற்கும் பெட்டியில், நம் பிள்ளைகளின் கைபட்ட பாகமும் இருக்கலாம் அல்லவா?

1956-இல் ஐபிஎம் நிறுவனம் உலகத்தின் முதல் ஹார்ட் டிஸ்க்கை வெளியிட்டது. ஐம்பது பெரிய தட்டுகள், ஏறத்தாழ ஒரு டன் எடை. அதில் அடங்கியது 5 மெகாபைட். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் 4 மெகாபைட் வரை பிடிக்கும். அதாவது, அந்த ஒரு டன் இயந்திரம் முழுவதும் சேர்ந்து ஒரு படத்தைத்தான் தாங்கியிருக்கும்! இன்று உள்ளங்கையில் அடங்கும் 1 டெராபைட் பெட்டியில் அத்தகைய படங்கள் 250,000 அடங்கும்.

இவ்வளவு கெட்டிக்காரப் பெட்டிக்கு ஒரு பலவீனம் உண்டு. உள்ளே தட்டு நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழல்கிறது. எழுதும், படிக்கும் முனை அந்தத் தட்டைத் தொடாமல், மயிரிழையின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில் மிதக்கிறது. சுழலும்போது பெட்டி கீழே விழுந்தால் முனை தட்டைக் கீறிவிடும். விழாமல் வைத்திருந்தாலும் தேய்மானம் உண்டு. ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளை இரவு பகலாக ஓட்டுகிற நிறுவனங்களின் அனுபவத்தில், ஓர் ஆண்டில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பழுதாகின்றன. நூற்றில் ஒன்றுதானே என்று எண்ண வேண்டாம். அந்த ஒன்று நம் வீட்டுப் பெட்டியாக இருந்தால் நமக்கு அது நூற்றுக்கு நூறு.

சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி என்ற புதுவகைப் பெட்டியும் இருக்கிறது. விழுந்தால் எளிதில் கெடாது. ஆனால் மின்சாரம் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் போட்டு வைத்தால், அதிலும் பென் டிரைவிலும் இருப்பது மெல்ல மறையக்கூடும். பென் டிரைவ் கொண்டுபோகத்தான். காலத்துக்கும் வைத்துக் காப்பதற்கு அல்ல.

வானத்துப் பெட்டி எங்கே இருக்கிறது?

“எனக்கென்ன, எல்லாம் கிளவுடில் இருக்கிறது” என்பார் சிலர். கிளவுட் என்றால் மேகம். பெயரைக் கேட்டு மேலே பார்க்க வேண்டாம். அது வேறு ஒருவருடைய கட்டடத்தில், வேறு ஒருவருடைய மின்சாரத்தில் ஓடுகிற பெரிய பெரிய கணினிகளின் கூட்டம். நாம் இணையத்தின் வழியாக அங்கே நம் படத்தை அனுப்பி வைக்கிறோம். நம் வீட்டில் வெள்ளம் வந்தாலும் அங்கே இருப்பது நனையாது. இது பெரிய நன்மை. கூகுள் கணக்கு வைத்திருப்பவருக்கு 15 ஜிகாபைட் இடம் இலவசம். ஆப்பிள், மைக்ரோசாப்ட் கணக்குகளுக்கு 5 ஜிகாபைட். 15 ஜிகாபைட்டில் 4 மெகாபைட் படங்கள் ஏறத்தாழ 3,750 வைக்கலாம். அந்த இடத்தை மின்னஞ்சலும் பங்கு போட்டுக்கொள்ளும். வீடியோக்கள் விரைவில் நிரப்பிவிடும்.

ஆனால் அந்தக் கட்டடத்திலும் தீ பிடிக்கலாம். 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி, தென்கொரியாவில் டேஜான் நகரத்து அரசாங்கக் கணினி நிலையத்தில் பேட்டரியிலிருந்து தீ எழுந்தது. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ கிடங்கு முழுவதும் அழிந்தது. 858 டெராபைட்! அளவு மிகப் பெரிது என்பதால் வேறிடத்தில் பிரதி எடுக்காமல் விட்டிருந்தார்கள். கணினியில் உலகத்துக்கே வழிகாட்டும் நாட்டில் நடந்த கதை இது.

இன்னொரு கதை, நம் ஊழியர் சேமநிதியைப் போன்ற ஓர் அமைப்பைப் பற்றியது. ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தில் ஆறு இலட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள். 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில், கூகுள் கிளவுடில் நேர்ந்த ஒரு தவறான அமைப்பினால் அந்த நிதியத்தின் கணக்கே அழிந்துபோனது. இரண்டு ஊர்களில் பிரதி வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே கணக்கின் கீழ் இருந்ததால் இரண்டும் போயின. உறுப்பினர்கள் நாள்கணக்கில் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். கடைசியில் கைகொடுத்தது எது தெரியுமா? வேறொரு நிறுவனத்திடம் தனியாக வைத்திருந்த இன்னொரு பிரதி.

எல்லா முட்டையையும் ஒரே கோழியின் கீழ் வைக்காதே என்று தோட்டத்துப் பாட்டிகள் சொன்னதும் இதைத்தானே!

மூன்று, இரண்டு, ஒன்று

இதற்கு உலகம் முழுவதும் ஒத்துக்கொண்ட ஒரு வாய்பாடு உண்டு. பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பியது. மூன்று, இரண்டு, ஒன்று. அவ்வளவுதான்.

மூன்று: முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள் வேண்டும். கைப்பேசியிலோ கணினியிலோ இருப்பது ஒன்று. அதற்கு மேல் இன்னும் இரண்டு.

இரண்டு: அந்தப் பிரதிகள் இரண்டு வெவ்வேறு வகையான இடங்களில் இருக்க வேண்டும். ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க் என்றால், மற்றொன்று கிளவுட்.

ஒன்று: அவற்றில் ஒரு பிரதியாவது வீட்டுக்கு வெளியே, வேறு ஊரில் இருந்தால் மேலும் நல்லது.

மூன்றாவது விதியை எனக்குக் கற்பித்தது புத்தகமல்ல, என் அக்காள் மகள். ஜொகூரில் வேலை செய்கிற அவள் அந்தத் தீபாவளிக்கு ஊருக்கு வர முடியவில்லை. “பாட்டி பேசினதை எனக்கு அனுப்புங்க அப்பா” என்று அடம்பிடித்து வாங்கி, தன் மடிக்கணினியில் வைத்திருந்தாள். அத்தானுக்கு அனுப்பியதே மறந்து போயிருந்தது. வெள்ளத்துக்கு மூன்று மாதம் கழித்து, அம்மாவின் திதியன்று வந்தவள், “பாட்டி குரல் என்கிட்ட இருக்கே” என்றாள். படங்கள் போனது போனதுதான். ஆனால் அன்று சாயந்தரம் அம்மா பேசினார். கங்காணியிடம் வாயாடிய கதையைக் கேட்டு அத்தான் சிரித்தார். அக்காள் சமையலறைக்குள் போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை

எங்கே தொடங்குவது? எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் தகரப் பெட்டியைத் திறங்கள். ஒவ்வொரு பத்திரத்தையும் வெளிச்சமான இடத்தில் வைத்து, நிழல் விழாமல், நான்கு மூலையும் தெரியக் கைப்பேசியில் படம் எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் வேண்டும். மூலப் பத்திரங்களை ஜிப் உள்ள பிளாஸ்டிக் பையில் போட்டுத் தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள்.

அடுத்தது, பழைய ஆல்பம். தோட்டத்துப் பள்ளிக் குழுப்படம், கல்யாணப் படம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே யார் யார் என்று கேட்டு எழுதுங்கள். படம் இருக்கிறது, பெயர் சொல்ல ஆளில்லை என்ற நிலை பல வீடுகளில் உண்டு. தாத்தா, பாட்டி குரலையும் பதிவு செய்து வையுங்கள்; நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.

மூன்றாவது, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்குங்கள். கணினியில் செருகி, ‘பத்திரங்கள்’, ‘படங்கள்’, ‘குரல்கள்’ என்று மூன்று பிரிவு வைத்து, படங்களை ஆண்டுவாரியாகப் போடுங்கள். முடிந்ததும் கேபிளைச் சட்டென்று பிடுங்கக் கூடாது. கணினியில் ‘எஜெக்ட்’ கொடுத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். கணினி இல்லாத வீட்டில், கைப்பேசியோடு பென் டிரைவை இணைக்கும் ஓடிஜி என்ற சிறு இணைப்பி கைப்பேசிக் கடைகளில் கிடைக்கும். பெரிய டிஸ்க் வாங்க முடியாதவர்கள் பத்திரங்களை மட்டுமாவது இப்படி எடுத்து வைக்கலாம்.

நான்காவது, கிளவுட். வைஃபை உள்ள இடத்தில் கைப்பேசியின் பேக்கப் வசதியைத் திறந்து விடுங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேமராவில் எடுத்த படம்தான் தானாக மேலே போகும். வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் வேறு பிரிவில் இருக்கும். அந்தப் பிரிவையும் தனியாகத் தேர்ந்தெடுத்தால்தான் அவையும் போகும்.

ஐந்தாவது, ஒரு பிரதியை வேறு வீட்டுக்கு அனுப்புங்கள். தீபாவளிக்கு வருகிற தம்பியிடம் ஒரு டிஸ்க்கைக் கொடுத்து அனுப்பி, அடுத்த தீபாவளிக்குக் கொண்டுவரச் சொல்லிப் புதிய படங்களைச் சேர்க்கலாம். அவர் வீட்டுப் பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். செலவில்லாத காப்புறுதி இது!

டிஸ்க்கை வைக்கும் இடமும் முக்கியம். நம் ஊர் ஈரக்காற்று எதையும் விடாது. இறுக மூடும் டப்பாவில், காலணிப் பெட்டியிலும் மருந்து டப்பாவிலும் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களோடு போட்டு, மேலே பெயரும் வாங்கிய ஆண்டும் எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை செருகிப் பாருங்கள். ஐந்தாண்டு ஆனதும் புதியதொன்றுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஓலையைப் படி எடுத்த முன்னோர் செய்ததும் இதுவே.

பலர் இடறி விழும் இடம்

கைப்பேசியில் இடம் போதவில்லை என்று, “கிளவுடில்தான் இருக்கிறதே” என எண்ணிக் கைப்பேசியில் உள்ள படங்களை அழித்து விடுகிறார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் கிளவுடிலும் இல்லை! காரணம் என்ன? கிளவுட் சேவைகளில் பல, கண்ணாடியைப் போன்றவை. இங்கே இருப்பது அங்கே தெரியும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். தவறி அழித்தவர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. கூகுள் போட்டோசில் பேக்கப் ஆன படம் குப்பைக்கூடையில் 60 நாள் இருக்கும். கூகுள் டிரைவில் 30 நாள். அதற்குள் எடுத்துவிட வேண்டும். கண்ணாடி வேறு, காப்புப் பிரதி வேறு. அதனால்தான் டிஸ்க்கும் வேண்டும் என்கிறோம்.

இன்னொன்று, கணினிப் பூட்டுத் திருடர்கள். வைரஸை ஏவி, எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்பவர்கள் இவர்கள். அந்த நேரத்தில் டிஸ்க் கணினியோடு செருகியிருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். வேலை முடிந்ததும் கழற்றி வைத்த டிஸ்க்கை எந்தத் திருடனும் தொட முடியாது.

அடையாளக் கார்டின் படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். யாருக்காவது நகல் கொடுக்க நேர்ந்தால், எந்தக் காரியத்துக்காகக் கொடுத்தது என்று அதன் குறுக்கே எழுதிக் கொடுங்கள். கிளவுட் கணக்குக்கு நல்ல கடவுச்சொல்லும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் அவசியம். கடவுச்சொல்லை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, மனைவியோ பிள்ளையோ அறிய வையுங்கள். கணவர் காலமான பின், அவர் கைப்பேசியைத் திறக்கத் தெரியாமல் தவிக்கிற பெண்கள் உண்டு. இரண்டு ஆண்டு யாரும் எட்டிப் பார்க்காத கணக்கைக் கூகுள் நீக்கிவிடக்கூடும். தனக்குப் பின் யார் பார்க்கலாம் என்று உயிரோடு இருக்கும்போதே குறித்து வைக்கும் வசதியும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

திறந்து பார்த்தீர்களா?

கடைசியாக ஒன்று. பிரதி எடுப்பது பாதி வேலைதான். அது திரும்பி வருகிறதா என்று பார்ப்பது மறுபாதி.

1998-இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் ‘டாய் ஸ்டோரி 2’ என்ற கார்ட்டூன் படத்தைத் தயாரித்துக் கொண்டிருந்தது. யாரோ தவறுதலாகக் கொடுத்த ஓர் ஆணையால், கணினியில் இருந்த படத்தின் பெரும்பகுதி கண் முன்னே மறைந்தது. பதறாமல் பேக்கப்பைத் தேடினார்கள். அது சரியாக வேலை செய்யவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது! கேலின் சஸ்மன் என்ற பெண்மணி, கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை செய்வதற்காக ஒரு பிரதியை வீட்டுக் கணினியில் வைத்திருந்தார். அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவந்தார்கள். 1999-இல் படம் வெளிவந்தது. அத்தனை பெரிய நிறுவனத்தைக் காப்பாற்றியது, ஒரு தாய் வீட்டில் வைத்திருந்த பிரதி.

ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஏதாவது ஒரு படத்தையும் ஒரு பத்திரத்தையும் ஒரு குரலையும் டிஸ்க்கிலிருந்து வேறு கணினிக்கோ கைப்பேசிக்கோ மாற்றித் திறந்து பாருங்கள். கிளவுடில் வேறு கைப்பேசியிலிருந்து நுழைந்து பாருங்கள். திறக்கிறதா? எழுத்து படிக்க முடிகிறதா? பழைய தமிழ்க் கோப்புகள் சில, அந்தக் காலத்து எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. இன்றைய கணினியில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். அப்படி இருந்தால், பழைய எழுத்துரு வேலை செய்கிற கணினி கிடைக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். கோப்பு பிழைத்தும் படிக்க முடியாவிட்டால் என்ன பயன்?

அக்காள் வீட்டில் இப்போது இரண்டு டிஸ்க்குகள். ஒன்று அலமாரியின் மேல்தட்டில், பழைய மைலோ டப்பாவுக்குள். மற்றொன்று ஜொகூரில், மகள் வீட்டில். தகரப் பெட்டியும் இருக்கிறது. ஆனால் கட்டிலுக்கு அடியில் அல்ல, பரண்மேல். ஒவ்வொரு தீபாவளிக்கும் பலகாரம் சாப்பிட்டு முடிந்ததும், அத்தான் டிஸ்க்கைச் செருகி அம்மாவின் குரலைப் போடுவார். திறக்கிறதா என்று சோதிப்பதற்காகத்தான் என்று சொல்லிக்கொள்வார். நாற்பது நிமிடமும் யாரும் எழுந்திருக்க மாட்டோம்.

உங்கள் வீட்டுப் பெட்டி எங்கே இருக்கிறது? அதற்குள் இருப்பதற்கு இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது? இந்த ஞாயிற்றுக்கிழமை, மழை பிடிப்பதற்கு முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.